பொறிவண்டு வளர்க்கலாம், முட்டையிலிருந்தே

பொறிவண்டு வளர்க்க வேண்டுமென்றால் முதலில் அசுவினி பிடித்த செடி ஒன்றைக் கண்டுபிடியுங்கள். இளந்தளிரில் அப்பிக்கொண்டு சாறு உறிஞ்சும் அந்தச் சின்னப் பூச்சிதான் பெரும்பாலான பொறிவண்டுகளுக்குச் சாப்பாடு. மருந்து அடித்த செடி மட்டும் வேண்டாம், அதிலுள்ள அசுவினியைத் தின்றால் புழுக்கள் செத்துப்போகலாம்.

அந்தச் செடியிலேயே இலைகளைத் திருப்பிப் பாருங்கள். மஞ்சளாக, ஒரு மில்லிமீட்டர் அளவில், செங்குத்தாக நிற்கிற முட்டைகள் கூட்டமாக ஒட்டியிருக்கும். சுரண்டி எடுத்தால் உடைந்துவிடும், இலையோடு கிள்ளிக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு எச்சரிக்கை: கத்தரி, உருளைக்கிழங்குச் செடிகளின் இலையையே தின்கிற பொறிவண்டும் உண்டு. அதன் புழு மஞ்சளாக, உடம்பெல்லாம் கிளைத்த முட்களோடு இருக்கும். வண்டு பளபளப்பில்லாமல் மங்கலாகத் தெரியும். அதற்கு அசுவினி போட்டுப் பயனில்லை.

வாயகன்ற கண்ணாடி ஜாடி போதும். மூடிக்குப் பதில் மெல்லிய துணியை ரப்பர் பேண்டால் கட்டுங்கள், உள்ளே ஈரப் பஞ்சு ஒரு துண்டு. தண்ணீரைக் கிண்ணத்தில் வைத்தால் குட்டிப் புழுக்கள் மூழ்கிவிடும். நேர் வெயிலிலும் ஜாடியை வைக்காதீர்கள்.

மூன்று முதல் ஐந்து நாளில் முட்டைகள் சாம்பல் நிறமாகிப் பொரியும், குளிராக இருந்தால் இன்னும் தள்ளிப்போகும். வெளியே வருவது ஆறு கால் முளைத்த கறுப்புப் புள்ளி போல இருக்கும். பொரிந்ததும் சில மணி நேரம் முட்டை ஓட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும், அப்போதே பக்கத்தில் பொரியாமல் கிடக்கும் முட்டையைத் தின்றுவிடும். ஆமாம், இவை ஒன்றையொன்று தின்னும், வளர்ப்பில் பெரிய இழப்பே இதனால்தான். அதனால் மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால் தொட்டுத் தூக்கி, ஒரு ஜாடிக்கு ஒன்றிரண்டு புழு என்று பிரித்துவிடுங்கள், அசுவினி உள்ள தளிரைத் தினமும் புதிதாக வையுங்கள். வளரவளரப் பசி ஏறும், கடைசிக் கட்டப் புழு ஒரே நாளில் பல பத்து அசுவினிகளைத் தீர்த்துவிடும், அன்று பட்டினி போட்டால் பக்கத்துப் புழுவையே பிடிக்கும். பழைய தளிரை எறியும் முன் அதில் புழு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், அங்கேதான் பலரும் தொலைக்கிறார்கள்.

இரண்டு மூன்று வாரத்தில் மூன்று முறை தோலுரிக்கும். குட்டி முதலை மாதிரி நீண்டு, ஆரஞ்சுத் திட்டுகளோடு அலைந்த புழு ஒருநாள் சாப்பாட்டை விட்டுவிட்டு, வால் நுனியை இலையிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு வளைந்து நிற்கும். செத்துவிட்டது என்று நினைத்துத் தூக்கிப் போடாதீர்கள். நான்காவது முறை தோலுரித்துக் கூட்டுப்புழுவாகப் போகிறது. பிரஷ் நுனியால் லேசாகத் தொட்டால் சட்டென்று நிமிர்ந்து துடிக்கும்.

இன்னும் ஒரு வாரத்துக்குள் வண்டு வரும். அந்த நாளைத் தவறவிடாதீர்கள், ஏனென்றால் வரும்போது அது புள்ளியே இல்லாமல், ஈரமான வெளிர் மஞ்சளாக இருக்கும். முதுகு இறுக இறுக, சில மணி நேரத்தில் கண் முன்னாலேயே புள்ளிகள் தெளியும். சிவப்பு முழுதாக ஏற நாட்கள் ஆகும். முதுகு இறுகும்வரை கையால் தொடாதீர்கள்.

மறுநாள் சாயங்காலம், வெயில் தணிந்ததும், இலையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டு அசுவினி உள்ள செடியில் விடுங்கள். எறும்பு ஏறும் செடி வேண்டாம். அசுவினி சுரக்கும் இனிப்புத் திரவத்துக்காக எறும்புகள் காவல் நின்று வண்டை விரட்டிவிடும்.