மட்டன்ல ஆப்ரிகாட்: பார்சி ஜர்தாலூ போட்டி, முதல் தடவை செய்றவங்களுக்கு

மட்டன்ல பழம்னு சொன்னாலே நம்ம ஆளுங்க பாதி பேர் மூஞ்சிய சுளிப்பாங்க, ஆனா மீன் குழம்புல மாங்காய் போட்டா மட்டும் இன்னும் ரெண்டு துண்டு கேட்பாங்க. ரெண்டுக்கும் லாஜிக் ஒண்ணுதான், பழம் வர்றது இனிப்புக்காக இல்ல, கொழுப்பையும் கவுச்சியையும் வெட்டற புளிப்புக்காக. இத மனசுல வச்சுக்கிட்டா இந்த டிஷ்ல தப்பே வராது.

போட்டின்னதும் குடல்னு நினைச்சுடாதீங்க, இங்க அது கறித்துண்டு. ஜர்தாலூன்னா ட்ரை ஆப்ரிகாட்.

வாங்க வேண்டியது: மட்டன் அரை கிலோ (தொடைக்கறி, கூட கொஞ்சம் நெஞ்செலும்பு, கொழுப்ப எடுக்க வேணாம்னு கடையில சொல்லிடுங்க), ட்ரை ஆப்ரிகாட் நூறு கிராம், பெரிய வெங்காயம் 3, இஞ்சி பூண்டு விழுது ஒன்றரை டேபிள் ஸ்பூன், காஷ்மீரி மிளகாய் 5, சீரகம் 1 டீஸ்பூன், பட்டை, கிராம்பு, ஏலக்காய், வினிகர் 1 டேபிள் ஸ்பூன், வெல்லம் கொஞ்சம், உருளைக்கிழங்கு 2. குஜராத்ல நவ்சாரி பக்கம் பார்சிங்க கரும்பு வினிகர் போடுவாங்க, கிடைக்கலன்னா சாதா வினிகரே போதும்.

ஸ்டெப் 1, ஆப்ரிகாட். கடையில ரெண்டு வகை இருக்கும். பளிச்சுன்னு ஆரஞ்சு கலர்ல கொட்டை இல்லாம வர்றது பெரும்பாலும் துருக்கி சரக்கு, கலர் போகாம இருக்க கந்தகப் புகை காட்டியிருப்பாங்க. இன்னொண்ணு சின்னதா பிரவுனா கல்லு மாதிரி கொட்டையோட இருக்கும், ஹைதராபாத்ல குபானி கா மீட்டாங்கற ஆப்ரிகாட் இனிப்பு செய்றது இதுலதான், நமக்கும் இதுதான் வேணும். சுடுதண்ணில நாலு மணி நேரமாவது ஊறட்டும் (ஆரஞ்சு வகைன்னா ஒரு மணி நேரம் போதும்), ஊறுன தண்ணிய கீழ ஊத்திடாதீங்க. கொட்டைய எடுத்துட்டு உடைச்சா உள்ள பாதாம் மாதிரியே பருப்பு இருக்கும், தெரிஞ்சவங்க அதையும் குழம்புல போடுவாங்க, ஆனா கசக்கற பருப்பு வேணவே வேணாம், அது வயித்துக்குள்ள போனா சயனைட விடும். சந்தேகமா இருந்தா நாலு பாதாம தோலுரிச்சு போட்டுட்டு போயிட்டே இருங்க.

அது ஊறட்டும், அதுக்குள்ள இந்த கறி ஆப்ரிகாட் ஜோடி எங்கேருந்து வந்துச்சுன்னு சொல்லிடறேன், ஏன்னா பின்னாடி வர்ற ஸ்டெப்புக்கு அது தேவை. ஆயிரம் வருஷத்துக்கு மேல முன்னாடி ஈரான்ல இருந்து குஜராத் கரைக்கு வந்தவங்க பார்சிங்க. இஸ்லாம் வர்றதுக்கு முன்னாடி ஈரான ஆண்ட சாசானிய ராஜாக்களோட அரண்மனைல கறியையும் புளிப்பையும் சேத்து சமைக்கற பழக்கம் அப்பவே இருந்துச்சு, 762ல அப்பாசிய வம்சத்து கலீஃபா (இஸ்லாமிய பேரரசர்) அல் மன்சூர் பாக்தாத்த கட்டுனப்ப, பழைய சாசானிய தலைநகர் டெசிஃபோன் பக்கத்துலயே இருந்ததால அந்த சமையலும் அப்படியே அங்க போயிடுச்சு. 1226ல அல் பாக்தாதின்னு ஒருத்தர் எழுதுன சமையல் புஸ்தகத்துல மிஷ்மிஷிய்யான்னு ஒரு டிஷ் இருக்கு, கொழுத்த ஆட்டுக்கறி, ட்ரை ஆப்ரிகாட்ட வேகவச்சு மசிச்சு வடிகட்டுன சாறு, அரைச்ச பாதாம், கலருக்கு குங்குமப்பூ. கிட்டத்தட்ட நம்ம டிஷ்ஷோட பெரியப்பா.

அந்த ஊரு செம்மறிக்கு வாலே ஒரு கொழுப்பு மூட்டை, அந்த புஸ்தகத்துல பல கறி ரெசிபி வால் கொழுப்ப உருக்கறதுல இருந்துதான் ஆரம்பிக்கும், அவ்ளோ கொழுப்புக்கு எதிரா நிக்க ஒரு புளிப்பு வேணும்ல. ஆப்ரிகாட்டோ கோடைல சில வாரத்துக்குள்ள மொத்தமா பழுத்து சீக்கிரமே அழுகிடும், அதனால வெயில்ல காயப்போட்டு வச்சுக்கிட்டாங்க, குளிர்காலத்துல கைல இருந்த புளிப்பு அதுதான். நமக்கு புளி, குடகுல பன்றிக்கறிக்கு கச்சம்புளி, அவங்களுக்கு இது. தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு மூணும் அமெரிக்காவுல இருந்து ரொம்ப பின்னாடி வந்தது, அப்ப தக்காளி செய்ற வேலையையும் பழம்தான் செஞ்சுச்சு. நெறைய பேர் இன்னிக்கு ரெண்டு தக்காளி போடறாங்க, நான் போடறதில்ல, ஒரே வேலைக்கு எதுக்கு ரெண்டு ஆள்.

ஸ்டெப் 2. மிளகாய ஊறவச்சு சீரகத்தோட அரைச்சு, இஞ்சி பூண்டு, உப்போட மட்டன்ல பிசறி ஒரு மணி நேரம் விடுங்க.

ஸ்டெப் 3. குக்கர்ல எண்ணெய், பட்டை கிராம்பு ஏலக்காய், அப்புறம் வெங்காயம். இங்க அவசரப்படாதீங்க, நல்ல பிரவுன் ஆக பதினஞ்சு நிமிஷம் கூட ஆகும், குழம்போட கலரும் கெட்டித்தன்மையும் இதுல இருந்துதான் வரும். மட்டன போட்டு வதக்கி ஒன்றரை டம்ளர் தண்ணி ஊத்தி அஞ்சாறு விசில். முத்தல் கறியா இருந்தா இன்னும் ரெண்டு.

ஸ்டெப் 4. புதுசா செய்றவங்க பழத்தையும் சேத்தே குக்கர்ல போட்டு மூடிடுவாங்க, பழம் கரைஞ்சு அதோட சர்க்கரை அடியில பிடிச்சு கருகிடும். அதனால கறி வெந்து பிரஷர் அடங்குனதும் திறந்து, அப்பதான் ஆப்ரிகாட்ட ஊறுன தண்ணியோட போடணும், வினிகரும் அப்பதான், சிம்ல பத்து நிமிஷம் மூடி போடாம கொதிக்கட்டும். ருசி பாருங்க, நாக்குல முதல்ல புளிப்பு தட்டணும், இனிப்பு பின்னாடி மெதுவா வரணும். புளிப்பு ரொம்ப ஏறுனா மட்டும் வெல்லம் ஒரு சின்ன துண்டு, முதல்லயே வெல்லத்த கொட்டிட்டா அது பாயசம்தான்.

ஸ்டெப் 5, சல்லி, அதாவது தீக்குச்சி கணக்கா வெட்டுன உருளைக்கிழங்கு வறுவல். வெட்டி உப்புத்தண்ணில அரை மணி நேரம் போட்டு, துணில சுத்தமா ஈரம் இல்லாம துடைச்சு, கொஞ்சம் கொஞ்சமா பொரிச்சு எடுங்க. சாப்பிட உக்காந்ததுக்கு அப்புறம்தான் மேல தூவணும், முன்னாடியே தூவுனா நமுத்துடும். சோம்பேறித்தனமா இருந்தா கடை சிப்ஸ நொறுக்கி போட்டாலும் ஓடும், பார்சி வீட்ல மட்டும் சொல்லிடாதீங்க.

சப்பாத்தி, பாவ் எதோடயும் போகும், சாதத்துக்கு கொஞ்சம் சுமார்தான். மிச்சம் இருந்தா ஃப்ரிட்ஜ்ல வைங்க, மறுநாள் பழம் குழம்பெல்லாம் குடிச்சு உப்பி நிக்கும், கால் டம்ளர் சுடுதண்ணி ஊத்தி சூடு பண்ணிக்கோங்க.