மனை விலையைப் பதிவு ஆவணங்களில் தேடுவது எப்படி?

தமிழ்நாட்டில் ஒரு தெருவின் மனை விலையை விசாரித்தால் தரகர் ஒன்று சொல்வார், பதிவுத்துறை இணையதளம் வேறொன்று காட்டும், பக்கத்து வீட்டுக் கிரயப் பத்திரத்தில் மூன்றாவதாக ஒன்று இருக்கும். எந்தத் தேவைக்காக எழுதப்பட்ட தொகை என்பதைப் பார்த்துத்தான் அதை எவ்வளவு நம்பலாம் என்று முடிவு செய்ய வேண்டும்.

முதலில் பதிவுத்துறை இணையதளத்தில் தெருப் பெயரையோ புல எண்ணையோ கொடுத்து வழிகாட்டி மதிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். முத்திரைத் தீர்வை கணக்கிடுவதற்காக அரசு நிர்ணயிக்கும் மதிப்பு இது. சந்தை ஏறி இறங்கும்போது தானாக மாறாது. 2012-இல் திருத்தப்பட்ட மதிப்புகள் 2017 ஜூனில் மாநிலம் முழுவதும் ஒரே ஆணையில் 33 சதவீதம் குறைக்கப்பட்டன. அதே நேரத்தில் பதிவுக் கட்டணம் 1 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக உயர்ந்தது. ஆகவே, 2016, 2018 ஆகிய ஆண்டுகளின் வழிகாட்டி மதிப்புகளை ஒப்பிட்டு மனை விலை சரிந்துவிட்டது என்று கூறுவது தவறு.

அடுத்தது, ஒரு சொத்தின் மீது பதிவான ஆவணங்களைப் பட்டியலிடும் வில்லங்கச் சான்று; நேரத்தைச் செலவிட வேண்டிய இடம் இதுவே. கிராமம், புல எண், உட்பிரிவு, காலம் ஆகியவற்றைக் கொடுத்துத் தேடினால், ஒவ்வொரு பதிவிலும் ஆவணத்தின் தன்மை, கைமாற்றுத் தொகை (பத்திரத்தில் எழுதிய விலை), சந்தை மதிப்பு, சொத்தின் விஸ்தீர்ணம் ஆகியவை வரும். விற்பனை அல்லாத தான செட்டில்மெண்ட், பாகப்பிரிவினை, விடுதலை, அடமானம் ஆகியவற்றை ஒதுக்கிவிட்டுக் கிரயங்களை மட்டும் எடுங்கள். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி. 5 சென்ட் மனைக்கு ரூ.32,67,000 என்றிருந்தால், அதை 2178-ஆல் வகுக்கச் சதுர அடிக்கு ரூ.1,500 கிடைக்கும்.

அந்தத் தெருவின் வழிகாட்டி மதிப்பும் அதே ரூ.1,500 என்றால் சற்று நிதானியுங்கள். வரிசையாகப் பல கிரயங்கள் வழிகாட்டி மதிப்பிலேயே வந்து நிற்பது, தீர்வைக்குத் தேவையான அளவு மட்டும் எழுதப்பட்டதற்கான அறிகுறியாக இருக்கலாம். ரொக்கமாகக் கைமாறியது எந்தப் பதிவிலும் வராது. வழிகாட்டி மதிப்பைவிடக் கூடுதலாக எழுதப்பட்ட, பின்னாலேயே வங்கி அடமானமும் பதிவான கிரயத்தையே நான் அதிகம் நம்புவேன். கடன் வாங்குபவருக்கு முழு விலையைக் காட்ட வேண்டிய தேவை இருக்கிறது.

அடுக்குமாடி வீடுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. பிரிபடாத நிலப் பாகத்தை (மொத்த நிலத்தில் அந்த வீட்டுக்கு உரிய பங்கை) மட்டும் கிரயம் செய்து, கட்டடத்துக்குத் தனியாகக் கட்டுமான ஒப்பந்தம் போடுவது இங்கு நெடுநாள் வழக்கமாக இருந்தது. அத்தகைய பழைய கிரயத்தின் தொகையை வீட்டின் விலையாக எடுத்துக்கொண்டால் கணக்கு பாதியில் நின்றுவிடும்.

இணைய விளம்பரங்களில் இருப்பவை விற்பவர் கேட்கும் விலைகள். பேரம் முடிந்த விலைகள் அல்ல. ஒரே வீட்டை இரண்டு மூன்று தரகர்கள் வெவ்வேறு விலையில் போட்டிருப்பதும் உண்டு. தேசிய வீட்டுவசதி வங்கியின் ரெசிடெக்ஸ் குறியீடு நகர அளவிலான போக்கைக் காலாண்டுதோறும் காட்டும். உங்கள் தெருவைப் பற்றி அதில் எதுவும் தெரியாது.

இறுதியாக, சேர்த்த ஒவ்வொரு விலையின் அருகிலும் ஆவண எண், தேதி, விஸ்தீர்ணம், அந்த நாளில் அமலில் இருந்த வழிகாட்டி மதிப்பு ஆகியவற்றை எழுதி வையுங்கள். இரண்டே கிரயங்கள் கிடைத்த தெருவுக்குச் சராசரி போடாமல், அவ்விரண்டையும் தனித்தனியாகவே குறிப்பிடுங்கள்.