என்பி-ஹார்டு என்று நிறுவுவது எப்படி?

வேகமான அல்காரிதம் கிடைக்காத கணக்கு உண்மையிலேயே கடினமானதுதான் (என்பி-ஹார்டு, அதாவது விடையை வேகமாகச் சரிபார்க்கக்கூடிய ‘என்பி’ வகைக் கணக்குகள் எதையும்விடக் குறைந்த கடினம் இல்லை) என்று காட்ட வழக்கமான வழி ரிடக்‌ஷன். கடினம் என்று முன்பே தெரிந்த கணக்கை உங்கள் கணக்காக மாற்ற வேண்டும். பலர் தலைகீழாகச் செய்து, தங்கள் கணக்கை 3-சாட்டாக மாற்றிவிடுகிறார்கள் (3-சாட் என்பது, மூன்று மாறிகளோ அவற்றின் மறுப்புகளோ ‘அல்லது’ என்று இணைந்த ‘கிளாஸ்’கள் எல்லாவற்றையும் ஒருசேர உண்மையாக்க முடியுமா என்ற கணக்கு). அது காட்டுவது, உங்கள் கணக்கு 3-சாட்டைவிடக் கடினமில்லை என்பதை மட்டும்தான். எனவே தாளின் தலையில் ‘தெரிந்தது → என்னுடையது’ என்று அம்புக்குறி போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

எதிலிருந்து மாற்றுவது? 1972-இல் கணினி அறிவியலாளர் ரிச்சர்ட் கார்ப் தந்த 21 கடினமான கணக்குகளின் பட்டியலே இன்றும் நல்ல தொடக்கம். ஆம்/இல்லை முடிவுகள் நிறைந்த கணக்கு என்றால் 3-சாட். எண்களைக் கூட்டிப் பிரிக்கும் கணக்கு என்றால் கவனம்: சப்செட் சம் (கொடுத்த எண்களில் சிலவற்றைக் கூட்டிக் குறிப்பிட்ட எண்ணைப் பெற முடியுமா என்பது) பெரிய எண்கள் வந்தால்தான் கடினம், எண்கள் சிறியவை என்றால் டைனமிக் புரோகிராமிங்கே (சிறு விடைகளைச் சேமித்து வைத்துப் பெரிய விடையைக் கட்டும் முறை) போதும். அங்கே 3-பார்ட்டிஷன் (எண்களை ஒரே கூட்டுத்தொகை வரும்படி மும்மூன்றாகப் பிரிப்பது) எடுங்கள், அது சிறிய எண்களிலும் கடினம்.

மாதிரிக்கு, 3-சாட்டிலிருந்து இன்டிபென்டன்ட் செட் (கோட்டுருவில், அதாவது முனைகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும் கொண்ட அமைப்பில், தம்முள் இணையாத முனைகளின் கூட்டம்). ஒவ்வொரு கிளாசுக்கும், அதன் உறுப்புக்கு ஒன்றாக மூன்று முனைகள் வைத்து முக்கோணமாக இணையுங்கள். ஒரு மாறியும் அதன் மறுப்பும் எங்கெங்கே வருகின்றனவோ, அந்த முனைகளுக்கு இடையே கோடு போடுங்கள். கிளாஸ்கள் எத்தனையோ அத்தனை முனைகளை, எந்த இரண்டுக்கும் இடையே கோடு இல்லாமல் எடுக்க முடியுமா என்பதே கேள்வி.

நிறுவலில் இரண்டு பக்கமும் தேவை. சூத்திரத்துக்குத் (கிளாஸ்கள் எல்லாம் சேர்ந்ததற்கு) தீர்வு இருந்தால் முனைக்கூட்டம் உண்டு என்பது எளிது: கிளாசுக்கு, அந்தத் தீர்வில் உண்மையாகும் ஒரு முனை. மறுபக்கத்தில்தான் ஓட்டை இருக்கும். நீங்கள் நினைக்காத வழியில் யாராவது முனைகளைத் தேர்ந்தால்? இங்கே முக்கோணம் அதைத் தடுக்கிறது, ஒன்றில் ஒரு முனைக்கு மேல் எடுக்க முடியாது.

எழுதும் முன் ஒரு சிறு புரோகிராமில் சோதித்துவிடுங்கள். ஆனால் ஐந்தாறு கிளாஸ்களோடு நிறுத்தினால் ஏமாறுவீர்கள்: வெவ்வேறான மூன்று மாறிகள் கொண்ட கிளாஸ்கள் எட்டுக்குக் குறைவாக இருந்தால் சூத்திரத்துக்கு எப்போதும் தீர்வு உண்டு. ‘இல்லை’ என்ற விடை சோதிக்கப்படவே இல்லை! மூன்று மாறிகளுக்குச் சாத்தியமான எட்டு கிளாஸ்களையும் போடுங்கள். 24 முனைகள், 72 கோடுகள். எட்டு முனைகளைத் தேர்ந்தெடுக்க 7,35,471 வழிகள். கணினிக்கு இது ஒன்றுமே இல்லை. மிகப் பெரிய கூட்டம் 7 என்று வர வேண்டும். 8 வந்தால் எங்கோ கோடு விட்டுப்போயிருக்கிறது.

என்பி-கம்ப்ளீட் (என்பி-ஹார்டு, கூடவே என்பி வகையையும் சேர்ந்தது) என்று சொல்ல வேண்டுமானால், விடையைப் பாலினாமியல் நேரத்தில் (உள்ளீட்டு அளவின் ஏதோ ஒரு நிலையான அடுக்குக்குள் அடங்கும் நேரத்தில்) சரிபார்க்கலாம் என்ற ஒரு வரியும் சேருங்கள்.

கடைசியாக, உங்களுக்கு உண்மையில் வரும் உள்ளீட்டைப் பாருங்கள். கோட்டுரு இருபகுதி வகை (முனைகளை இரண்டு குழுக்களாகப் பிரித்தால் கோடுகள் குழுக்களுக்கு இடையே மட்டும் வருவது) என்றால் இதே இன்டிபென்டன்ட் செட் எளிதில் தீர்ந்துவிடும். கிளாசுக்கு இரண்டே மாறிகள் என்றால் 2-சாட், அதற்கு லீனியர் டைம் (உள்ளீட்டின் அளவுக்கு நேர்விகிதத்தில் நேரம் எடுக்கும்) அல்காரிதமே இருக்கிறது.