பழைய மேப்பின் ஸ்கேனைக் காசு கொடுத்து வாங்கும் முன்

1507-ல் மார்ட்டின் வால்ட்ஸேமுல்லர் வெளியிட்ட உலக வரைபடத்தில்தான் ‘அமெரிக்கா’ என்ற பெயர் முதன்முதலாக வருகிறது. இன்று தெரிந்தவரை ஒரே ஒரு பிரதிதான் மிஞ்சியிருக்கிறது. அதை வாஷிங்டனில் உள்ள லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் 2003-ல் 1 கோடி டாலருக்கு வாங்கியது. இதன் ஸ்கேன் வேண்டும் என்று தேடினால் காசுக்கு விற்கிற கடைகள் வந்து நிற்கும். ஆனால் அந்த நூலகத்தின் தளத்திலேயே அதை இலவசமாக டவுன்லோட் செய்யலாம்! ஆகவே பர்ஸைத் திறப்பது கடைசி வேலை.

படி 1: முதலில் இலவசமாகக் கிடைக்கிறதா பாருங்கள்

லைப்ரரி ஆஃப் காங்கிரஸ், பிரான்ஸ் தேசிய நூலகத்தின் காலிகா தளம், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உள்ள டேவிட் ரம்ஸி மேப் தொகுப்பு, ஸ்காட்லாந்து தேசிய நூலகம். இந்த நான்கையும் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள். ஓல்ட் மேப்ஸ் ஆன்லைன் என்ற தளத்தில் ஊரைப் பெரிதாக்கிப் பார்த்தால் அந்த இடத்துக்கு எந்தெந்த நூலகத்தில் என்னென்ன மேப் இருக்கிறது என்று பட்டியல் வரும். பெயரைப் போட்டுத் தேடும்போது ஐரோப்பியர் எழுதிய பழைய பெயரைப் போடுங்கள். தரங்கம்பாடி என்று தேடினால் சிக்காதது டிராங்கெபார் (Tranquebar) என்று தேடினால் சிக்கும்.

அப்படியென்றால் எதற்குத்தான் காசு கொடுப்பது? தளத்தில் சின்ன அளவில் மட்டும் வைத்துவிட்டுப் பெரிய ஃபைலை விற்கும் நூலகங்கள் உண்டு, சிலர் கறையும் மடிப்பும் நீக்கிச் சுத்தம் செய்து தருவார்கள், அல்லது வியாபாரத்துக்குப் பயன்படுத்த அனுமதி வேண்டியிருக்கும். இந்த மூன்றுக்குத்தான்.

படி 2: டிபிஐயை விடுங்கள், பிக்சலைக் கேளுங்கள்

டிபிஐ என்றால் ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு. இங்கேதான் நான் ஏமாந்தேன். ஒரு இணையக் கடையில் ‘300 டிபிஐ, உயர் தரம்’ என்று போட்டிருந்த கடற்கரை மேப் ஒன்றை வாங்கினேன். ஃபைல் பெரிதாகத்தான் இருந்தது, பிக்சல் கணக்கும் சரியாகவே வந்தது, ஆனால் பெரிதாக்கிப் பார்த்தால் ஊர்ப் பெயர்கள் எல்லாம் தண்ணீரில் ஊறின மாதிரி இருந்தன. சின்னப் படம் ஒன்றை மென்பொருளில் இழுத்துப் பெரிதாக்கி விற்றிருக்கிறார்கள். 300 டிபிஐ என்பது ஃபைலில் யார் வேண்டுமானாலும் எழுதி வைக்கக்கூடிய ஒரு எண், அவ்வளவுதான்.

கணக்கு இப்படி. எத்தனை அங்குலத்தில் பிரின்ட் போடப் போகிறீர்களோ அதை 300 ஆல் பெருக்குங்கள். 24க்கு 36 அங்குலம் என்றால் 7,200க்கு 10,800 பிக்சல் வேண்டும். சுவரில் மாட்டித் தள்ளி நின்று பார்க்க 150 ஆல் பெருக்கினாலே போதும் என்பது என் அனுபவம். வால்ட்ஸேமுல்லர் மேப் 12 தாள்களைச் சேர்த்தால் சுமார் 233 சென்டிமீட்டர் அகலம். அதை அசல் அளவிலேயே 300-ல் அடிக்க ஆசைப்பட்டால் அகலத்தில் மட்டும் 27,500 பிக்சல் தேவைப்படும்.

பிக்சல் இருந்தும் ஏமாற்றலாம் என்பதால், மேப்பிலேயே பொடி எழுத்து இருக்கும் ஒரு மூலையை வெட்டி முழு அளவில் மாதிரி அனுப்பச் சொல்லுங்கள். செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட மேப் என்றால் மலைகளைக் காட்டும் மெல்லிய கோடுகளைப் பாருங்கள். கோடு கோடாகப் பிரிந்து தெரிந்தால் நல்ல ஸ்கேன், சாம்பல் பூசின மாதிரி ஒன்றாகக் கலந்திருந்தால் வேண்டாம். மாதிரி தர மறுப்பவரிடம் நான் வாங்குவதில்லை.

படி 3: ஃபைல் வகை

டிஃப் (TIFF, தரம் குறையாமல் சேமிக்கும் பட ஃபைல்) கிடைத்தால் டிஃப். மேலே சொன்ன 7,200க்கு 10,800 அளவு சுருக்கப்படாத வண்ண டிஃப்பாக இருந்தால் 220, 230 எம்பி வரும். நல்ல தரத்தில் சேமித்த ஜேபெக்கும் பிரின்டுக்குப் போதும், ஆனால் அதே அளவை 5 எம்பி ஜேபெக்காகத் தருகிறேன் என்றால் சந்தேகப்படுங்கள்.

அப்புறம், அட்லஸிலிருந்து எடுத்த மேப்பா என்று கேளுங்கள். புத்தகத்தைப் பிரிக்காமல் ஸ்கேன் செய்தால் நடு மடிப்பில் நிழல் விழும், அங்கே இருக்கும் ஊர்கள் வளைந்துபோகும். ஓரங்கள் வெட்டப்படாமல் முழுத் தாளும் இருக்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

படி 4: உரிமை

முந்நூறு வருட மேப்புக்குக் காப்புரிமை இல்லை. அதன் ஸ்கேனுக்கு? தட்டையான பழைய படைப்பை அப்படியே நகலெடுத்த புகைப்படத்துக்குப் புதிய காப்புரிமை கிடையாது என்று 1999-ல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் பிரிட்ஜ்மேன் – கோரல் வழக்கில் சொன்னது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019 காப்புரிமை உத்தரவும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறது. எல்லா நாட்டிலும் இதே சட்டம் என்று நினைத்துவிடாதீர்கள், தளத்தின் விதிமுறைகளும் தனி. ரம்ஸி தொகுப்பின் படங்கள் வணிகமல்லாத பயன்பாட்டுக்குத்தான். வீட்டுச் சுவருக்கு என்றால் கவலையில்லை. டி-ஷர்ட்டில் போட்டு விற்கப் போகிறீர்கள் என்றால் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்.

படி 5: பணம் கட்டிய பின்

இந்திய கார்டு என்றால் வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவிட்டுக் கட்டுங்கள், முடிந்ததும் மூடிவிடுங்கள். ஃபைல் வந்தவுடன் பிக்சல் எண்ணைச் சரிபார்த்து, நான்கு மூலைகளையும் நடுவையும் பெரிதாக்கிப் பாருங்கள். குறை இருந்தால் அன்றைக்கே எழுதுங்கள்.

முழு மேப்பையும் உடனே பிரின்டுக்குக் கொடுக்காதீர்கள். பொடி எழுத்து உள்ள ஒரு துண்டை, கடைசியில் வரப்போகும் அதே அளவில் ஏ4 தாளில் அடித்து, மாட்டப் போகிற சுவரில் டேப் போட்டு ஒட்டி, சோபாவில் உட்கார்ந்து பாருங்கள். எழுத்து படிக்க வந்தால் பெரிய தாளுக்கு ஆர்டர் கொடுக்கலாம்.