ஒரு காங்கிரஸ் தொகுதியின் பிரதிநிதிகள் வரிசையைத் தொகுப்பது எப்படி? இல்லினாய் 8ஆம் தொகுதியை வைத்து ஒரு செய்முறை

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், ஷாம்பர்க் என்னும் ஊரில் வசிக்கும் என் அண்ணன் மகளுக்குப் பள்ளியில் ஒரு செயல்திட்டம் கொடுத்திருந்தார்கள். தன் வீடு அமைந்திருக்கும் காங்கிரஸ் தொகுதிக்கு இதுவரை யார் யார் பிரதிநிதியாக இருந்தார்கள் என்பதைத் தேதிகளோடு பட்டியலிட வேண்டும். பழைய ஆவணங்களைத் துழாவுவதில் எனக்குள்ள ஆர்வத்தை அறிந்தவள் என்பதால், அந்தப் பட்டியலை அப்படியே என் தலையில் கட்டிவிட்டாள். ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும் என்று நினைத்த வேலை மூன்று வாரம் இழுத்தது. அதிலும் இரண்டு வாரம் ஒரே ஒரு தவறான முடிவைத் திருத்துவதிலேயே போயிற்று. அந்தத் தவற்றை நீங்களும் செய்யாமல் இருப்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல் விளக்கம். இங்கே காங்கிரஸ் என்பது கட்சியின் பெயராக வரவில்லை; அது அமெரிக்க நாடாளுமன்றத்தைக் குறிக்கிறது. அதன் ஒவ்வோர் இரண்டாண்டுக் காலத்துக்கும் ஒரு வரிசை எண் உண்டு. 2025 ஜனவரியில் கூடியது 119ஆவது காங்கிரஸ்.

முதல் படி: இன்றிலிருந்து பின்னோக்கிச் செல்லுங்கள்

பட்டியலைத் தொடக்கக் காலத்திலிருந்து முன்னோக்கி எழுதத்தான் கை துடிக்கும். அப்படிச் செய்ய வேண்டாம். உறுதியாகத் தெரிந்த இன்றைய நிலையிலிருந்து பின்னோக்கிச் செல்வதே பாதுகாப்பானது. இல்லினாய் 8ஆம் தொகுதியில் 2017 ஜனவரி 3 முதல் பிரதிநிதியாக இருப்பவர் ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த ராஜா கிருஷ்ணமூர்த்தி. தமிழ்ப் பெற்றோருக்கு டெல்லியில் பிறந்து, இல்லினாய் மாநிலத்தின் பியோரியா நகரில் வளர்ந்தவர். அவருக்கு முன் 2013 முதல் 2017 வரை டேமி டக்வொர்த் இருந்தார். 2012ஆம் ஆண்டின் உட்கட்சித் தேர்தலில் இதே தொகுதியில் கிருஷ்ணமூர்த்தியைத் தோற்கடித்தவரும் டக்வொர்த்தான். பின்பு அவர் காங்கிரஸின் மேலவையான செனட்டுக்குச் செல்லவே இடம் காலியாயிற்று. அதற்கு முன் 2011 முதல் 2013 வரை குடியரசுக் கட்சியின் ஜோ வால்ஷ், 2005 முதல் 2011 வரை ஜனநாயகக் கட்சியின் மெலிசா பீன், 1993 முதல் 2005 வரை குடியரசுக் கட்சியின் ஃபில் கிரேன். 2010இல் பீன் தோற்றது 300க்கும் குறைவான வாக்குகளில்.

இதுவரை எந்தச் சிக்கலும் இல்லை. அரை மணி நேரத்தில் இவ்வளவையும் எழுதிவிடலாம்.

இரண்டாம் படி: காங்கிரஸ் எண்ணை ஆண்டாக மாற்றுங்கள்

பழைய ஆவணங்கள் பெரும்பாலும் ஆண்டைக் குறிப்பிடாமல் காங்கிரஸின் வரிசை எண்ணையே குறிப்பிடும். எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து, இரண்டால் பெருக்கி, 1789ஐக் கூட்டினால் அந்தக் காங்கிரஸ் தொடங்கிய ஆண்டு கிடைக்கும். 86ஆவது காங்கிரஸ் என்றால் 85ஐ இரண்டால் பெருக்கி 170. அதனுடன் 1789ஐக் கூட்ட 1959. இதற்கென்று தனி அட்டவணை தேட வேண்டியதில்லை.

தொடக்க நாளில் மட்டும் கவனம் தேவை. அரசமைப்பின் 20ஆவது திருத்தம் நடைமுறைக்கு வரும் வரை பதவிக்காலம் மார்ச் 4 அன்று தொடங்கியது. 1935 முதல்தான் அது ஜனவரி 3க்கு மாறியது. ஆகையால் 73ஆவது காங்கிரஸ் 1933 மார்ச் 4இல் தொடங்கி 1935 ஜனவரி 3இல் முடிந்து, இரண்டு ஆண்டுக்கும் குறைவாகவே நீடித்தது. எல்லா வரிகளிலும் கண்ணை மூடிக்கொண்டு ஜனவரி 3 என்று நிரப்பினால் 1935க்கு முந்தைய வரிகள் அனைத்தும் பிழையாகும்.

மூன்றாம் படி: எண் எந்த நிலத்தைக் குறித்தது என்று பாருங்கள்

நான் சறுக்கி விழுந்தது இங்கேதான். கிரேனுக்கு முந்தைய பெயரைத் தேடியபோது டான் ராஸ்டன்கவ்ஸ்கி என்ற பெயர் கிடைத்தது. சிகாகோவின் ஜனநாயகக் கட்சி அரசியலில் கோலோச்சியவர். வரிச் சட்டங்களை வகுக்கும் குழுவின் தலைவராக 1981 முதல் 1994 வரை இருந்தவர். காங்கிரஸ் உறுப்பினர்களைப் பற்றிய அதிகாரபூர்வ வாழ்க்கைக்குறிப்புத் தொகுப்பைத் திறந்து பார்த்தேன். அவர் 1959 ஜனவரி 3 முதல் 1995 ஜனவரி 3 வரை உறுப்பினர் என்றிருந்தது. அதை அப்படியே என் பட்டியலில் இட்டேன்.

இட்டவுடன் ஓர் இடறல் தெரிந்தது. கிரேன் 1993இல் வந்துவிட்டார், ராஸ்டன்கவ்ஸ்கியோ 1995 வரை இருக்கிறார். ஒரே தொகுதிக்கு ஒரே நேரத்தில் இரண்டு பிரதிநிதிகள் இருக்க முடியாது. நான் செய்த வேலையை இப்போது சொல்லவே கூச்சமாக இருக்கிறது. 1995ஐ அடித்துவிட்டு 1993 என்று எழுதி, 1992 தேர்தலில் கிரேன் ராஸ்டன்கவ்ஸ்கியைத் தோற்கடித்து ஜனநாயகக் கட்சியின் கோட்டையைப் பிடித்தார் என்று ஒரு வாக்கியத்தையும் சேர்த்து அனுப்பிவிட்டேன். அடுத்த நாள் அண்ணன் மகள் தொலைபேசியில் கேட்டாள்: "சித்தப்பா, இவர் சிகாகோக்காரர்னு போட்டிருக்கே, அப்ப எங்க ஊர் சிகாகோ தொகுதியிலயா இருந்துச்சு?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. ஷாம்பர்க் சிகாகோவின் வடமேற்குப் புறநகர். ராஸ்டன்கவ்ஸ்கியின் 8ஆம் தொகுதி ஒருநாளும் அவ்வளவு தூரம் நீண்டதில்லை.

நடந்தது இதுதான். பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்படும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு மாநிலங்களுக்கான இடங்கள் மாற்றிப் பங்கிடப்படுகின்றன. 1990 கணக்கெடுப்பில் இல்லினாய் 22 இடங்களிலிருந்து 20க்கு இறங்கியது. வரைபடத்தைப் புதிதாக வரைந்தபோது தொகுதிகளின் எண்களும் இடம் மாறின. ராஸ்டன்கவ்ஸ்கி 5ஆம் தொகுதியில் நின்று வென்று, 1994இல் அங்கேதான் தோற்றார். அதுவரை 12ஆம் தொகுதியின் பிரதிநிதியாக இருந்த கிரேன், புறநகரை உள்ளடக்கிய புதிய 8ஆம் தொகுதியில் நின்று வென்றார். இருவரும் ஒருவரை ஒருவர் எதிர்த்து நின்றதே இல்லை. 8 என்ற எண் மட்டும் சிகாகோ நகரத்திலிருந்து புறநகருக்குக் குடிபெயர்ந்தது.

நம்மவர்களுக்கு இந்தக் குழப்பம் வருவதற்கு ஒரு காரணம் உண்டு. நம் மக்களவைத் தொகுதிகளுக்கு ஊர்ப் பெயர் இருக்கிறது. மறுவரையறைக்குப் பிறகு சிவகாசித் தொகுதி மறைந்து விருதுநகர் வந்தபோது, ஏதோ மாறிவிட்டது என்று பெயரே சொல்லிவிட்டது. எண் அப்படிச் சொல்லாது. நிலம் முழுவதும் மாறினாலும் 8 என்பது 8தான்.

எனவே ஒவ்வொரு கணக்கெடுப்பின் எல்லையிலும், அதாவது இரண்டில் முடியும் தேர்தல் ஆண்டுகளில், நின்று மூன்று கேள்விகள் கேளுங்கள்: முந்தையவர் அதே தேர்தலில் வேறு எண்ணில் நின்றாரா? புதியவர் ஏற்கெனவே வேறு எண்ணில் உறுப்பினராக இருந்தாரா? மாநிலத்தின் மொத்த இடங்கள் மாறினவா? மூன்றில் ஒன்றுக்கு ஆம் என்று விடை வந்தாலும் வரைபடத்தைப் பார்க்காமல் அடுத்த வரிக்குப் போகாதீர்கள்.

கிரேனை நிலத்தின் வழியே பின்தொடர்ந்தால் வேறொரு வரிசை கிடைக்கிறது. அவர் முதலில் வென்றது 13ஆம் தொகுதியில், 1969 நவம்பர் 25இல் நடந்த இடைத்தேர்தலில். அந்த இடம் காலியாகக் காரணம், அங்கு உறுப்பினராக இருந்த டொனால்ட் ரம்ஸ்ஃபெல்ட் நிக்சன் அரசில் பதவியேற்க விலகியது. பின்னாளில் இரண்டு முறை பாதுகாப்புத் துறைச் செயலராக இருந்த அதே ரம்ஸ்ஃபெல்ட்தான். 1973இல் கிரேன் 12ஆம் தொகுதிக்கு மாறினார். வேடிக்கை என்னவென்றால், அதுவரை 12இல் இருந்த ராபர்ட் மெக்ளோரி அதே நாளில் 13க்கு மாறினார். இருவரும் எண்களைப் பண்டமாற்று செய்துகொண்டதுபோல் இருக்கிறது. எண்ணை மட்டும் பார்ப்பவர், அந்த ஆண்டு இரண்டு தொகுதிகளிலும் உறுப்பினர்கள் தோற்றுப் புதியவர்கள் வந்தார்கள் என்றே எழுதுவார்.

இன்னும் பின்னே போனால் 8இன் பயணம் நீளமானது. 1863இல் அது மாநிலத் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டை உள்ளடக்கியிருந்தது. அப்போதைய உறுப்பினர் ஜான் டி. ஸ்டூவர்ட், லிங்கனோடு சேர்ந்து வழக்கறிஞர் தொழில் நடத்தியவர். 1903இல் 8 சிகாகோவுக்குள் வந்தது, 1993இல் புறநகருக்குச் சென்றது. இடையில் 1901ஆம் ஆண்டின் வரைபடத்தை இல்லினாய் 1947 வரை மாற்றவே இல்லை. அந்தக் காலத்துப் பெயர்களைத் தொகுப்பவருக்கு இது பெரிய நிம்மதி, வாக்காளர்களுக்கோ பெரிய அநீதி. 1946இல் இது உச்ச நீதிமன்றம் வரை சென்றபோது ஒரு தொகுதியில் சுமார் 1,12,000 பேரும் இன்னொன்றில் சுமார் 9,14,000 பேரும் இருந்தார்கள். நீதிமன்றம் தலையிட மறுத்துவிட்டது.

நான்காம் படி: கருவிகள்

வாழ்க்கைக்குறிப்புத் தொகுப்பு தேதிகளுக்கு நம்பகமானது. ஆனால் அதன் குறிப்புகளில் பெரும்பாலும் தொகுதி எண் இருக்காது. என் பிழைக்கு அதுவே வேர். எண்ணுக்கு, தொகுதிப் பிரதிநிதிகள் அமரும் கீழவையான பிரதிநிதிகள் சபையின் செயலர் அலுவலகம் 1920 முதல் வெளியிட்டுவரும் தேர்தல் புள்ளிவிவரங்களைப் பாருங்கள். இரண்டையும் அருகருகே திறந்துவைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

வரைபடத்துக்கு கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளே என் தேர்வு. 1789 முதலான தொகுதி எல்லைகளைக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாக ஆய்வாளர்கள் காங்கிரஸ் வாரியாகக் கோப்புகளாக்கி இலவசமாகத் தந்திருக்கிறார்கள். 1993 மாற்றத்துக்கு முன்னும் பின்னுமான 102, 103ஆவது காங்கிரஸ்களின் கோப்புகள் இரண்டையும் இறக்கி, இல்லினாய் 8ஐ மட்டும் வடிகட்டி, உள்நிறத்தை நீக்கிவிட்டு, ஒன்றின் எல்லைக்கோட்டுக்குச் சிவப்பும் மற்றொன்றுக்கு நீலமும் கொடுங்கள். சிவப்பு நகரத்துக்குள் நிற்பதும் நீலம் அதற்கு வெகு மேற்கே தொடங்குவதும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். நான் இரண்டு வாரம் படித்துப் புரிந்துகொண்டதை இந்தப் படம் ஒரு நிமிடத்தில் காட்டியது.

அட்டவணைக்கு எக்செலைப் பரிந்துரைக்க மாட்டேன். 1900க்கு முந்தைய தேதிகளை அது தேதியாக ஏற்காமல் வெறும் எழுத்தாகவே வைத்துக்கொள்ளும். வரிசைப்படுத்தினால் லிங்கன் காலத்தவர்கள் கிருஷ்ணமூர்த்திக்குக் கீழே போய் உட்காருவார்கள். லிப்ரே ஆபிஸ் என்ற இலவச மென்பொருளில் இந்தத் தொல்லை இல்லை. எக்செல்தான் வேண்டும் என்பவர்கள் தேதிக் கட்டங்களை முதலிலேயே உரை வடிவத்துக்கு மாற்றிவிட்டு, 1856-11-04 என்பதுபோல் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் வரிசை கலையாது. விலகிய காரணத்துக்கும், முன்பு வகித்த தொகுதி எண்ணுக்கும் தனித்தனிப் பத்தி வையுங்கள். இரண்டாவது பத்தியை முதலிலேயே வைத்திருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

வாசகர்களின் கேள்விகளுக்குப் பின் சேர்த்தவை

1931இல் தொடங்கிய 72ஆவது காங்கிரஸில் 8ஆம் தொகுதிக்கு இரண்டு பெயர்கள் இருப்பது ஏன் என்று ஒருவர் கேட்டிருந்தார். இருவரும் சரியே. குடியரசுக் கட்சியின் பீட்டர் கிரனாட்டா வெற்றிச் சான்றுடன் வந்து அமர்ந்தார். தோற்றதாக அறிவிக்கப்பட்ட ஸ்டான்லி குன்ஸ் சபையிலேயே முறையிட்டார். தன் உறுப்பினர்களின் தேர்தலைப் பற்றி முடிவு செய்யும் அதிகாரம் சபைக்கே உண்டு. 1932 ஏப்ரல் 5 அன்று கிரனாட்டா வெளியேற, குன்ஸ் அமர்ந்தார். தேர்தல் முடிவை மட்டும் வைத்துப் பட்டியல் போட்டால் குன்ஸ் விடுபடுவார்.

இதன் மறுபக்கமும் உண்டு. 1854இல் 8ஆம் தொகுதியில் வென்றவர் லைமன் டிரம்புல். ஆனால் அந்தக் காங்கிரஸ் தொடங்கும் முன்பே அவர் செனட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதால் பிரதிநிதிகள் சபையில் அவர் அமரவே இல்லை. அந்த இடத்தை ஜேம்ஸ் மாரிசன் 1856 நவம்பர் 4இல்தான் நிரப்பினார். காலியான இடத்தை ஆளுநர் நியமனத்தால் நிரப்ப முடியாது, தேர்தல்தான் வழி என்பதால் இத்தகைய இடைவெளிகள் இயல்பானவை. முந்தையவரின் இறுதி நாளை அடுத்தவரின் முதல் நாளோடு ஒட்டவைக்க முயலாதீர்கள்.

உறுப்பினரின் சொந்த ஊரைக் கொண்டு தொகுதியின் இருப்பிடத்தைக் கண்டுபிடிக்கலாமே என்று இன்னொருவர் எழுதியிருந்தார். துப்பாகக் கொள்ளலாம், சான்றாகக் கொள்ள முடியாது. உறுப்பினர் மாநிலத்தில் வசிக்க வேண்டும் என்றுதான் அரசமைப்பு கூறுகிறது. தொகுதிக்குள் வசிக்க வேண்டும் என்று கூறவில்லை. 2012 தேர்தலுக்கான வரைபடத்தில் ஜோ வால்ஷின் வீடு 14ஆம் தொகுதிக்குள் போய்விட்டது. ஆனாலும் அவர் 8இல்தான் நின்றார்.

கடைசியாக வந்தது: கிருஷ்ணமூர்த்தி செனட் தேர்தலில் போட்டியிடப்போவதாக 2025 மே மாதத்தில் அறிவித்ததும், அவருடைய வரியில் இறுதித் தேதியாக 2027-01-03 என்று இட்டுவிடலாமா என்று கேட்டார்கள். வேண்டாம். அறிவிப்பை வைத்துத் தேதி இடத் தொடங்கினால் டிரம்புலையும் பட்டியலில் சேர்க்க வேண்டிவரும். இருக்கையை விட்டு எழும் நாள் வரை அந்தக் கட்டம் காலியாகவே இருக்கட்டும்.