ரக்பி நாட்டில் கால்பந்துக் கிளப்: நியூசிலாந்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரக்பியைத் தோற்கடிக்கப் போகிறோம் என்று கிளம்புவதுதான் முதல் தவறு. தேசிய ரக்பி அணியான ஆல் பிளாக்ஸ் ஆடும் நாளில் நியூசிலாந்தின் எந்தக் கால்பந்துக் கிளப்பாலும் அதற்கு ஈடாகக் கூட்டம் சேர்க்க முடியாது. சேர்க்க வேண்டிய அவசியமும் இல்லை. சனிக்கிழமை காலையில் பூட்ஸ் மாட்டிக்கொண்டு பூங்கா மைதானங்களில் கால்பந்து ஆடும் பிள்ளைகளுக்கு அந்நாட்டில் பஞ்சமே கிடையாது. அவர்களும் அவர்களைக் காரில் கொண்டுவந்து விடும் பெற்றோரும்தான் கிளப்பின் கூட்டம். ரக்பி ரசிகரின் மனதை மாற்ற விளம்பரத்தில் போடும் பணத்தை இவர்கள் பக்கம் திருப்புங்கள்.

ஆனால் இங்கே காலம் குறுக்கே நிற்கிறது. உள்ளூர்க் கால்பந்து குளிர்கால ஆட்டம். ஏறத்தாழ ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை நடக்கும். நியூசிலாந்தின் தொழில்முறைக் கிளப்புகள் ஆடும் ஆஸ்திரேலிய ஏ-லீக்கோ அக்டோபரில் தொடங்கி மே வரை போகும். பிள்ளைகள் பூட்ஸைக் கழற்றி வைக்கும் நேரத்தில் கிளப் கதவைத் திறக்கிறது. அக்டோபரில் சீசன் டிக்கெட் விற்கத் தொடங்கினால் யாரும் கையில் சிக்க மாட்டார்கள். ஜூன், ஜூலையில் வீரர்களை இருவர் இருவராக உள்ளூர்க் கிளப்புகளின் பயிற்சிக்கு அனுப்பி, ஆகஸ்டுக்குள் குடும்ப டிக்கெட்டை முடித்துவிட வேண்டும். கிறிஸ்துமஸ் முதல் ஜனவரி கடைசி வரை கோடை விடுமுறை. குடும்பங்கள் கடற்கரைக்குப் போய்விடும். பிப்ரவரியில் சூப்பர் ரக்பி என்னும் தொழில்முறை ரக்பித் தொடர் தொடங்கியதும் செய்திகளில் இடம் சுருங்கிவிடும். ஆகவே உள்ளூர்க் கிளப்புகளைக் கூட்டமாக அழைக்கும் ஆட்டங்களுக்கு நவம்பரே சிறந்த மாதம்.

அடுத்தது, ஊர்க்காரர்கள் இல்லாத அணி. 2005-ல் ஏ-லீக்கில் இறங்கிய நியூசிலாந்து நைட்ஸ், முதல் சீசனின் 21 ஆட்டங்களில் ஒன்றில்தான் வென்றது. தோல்வியைக்கூட ரசிகர் பொறுத்துக்கொள்வார். ஆனால் அணியில் நியூசிலாந்து வீரர்கள் குறைவு, வெளிநாட்டிலிருந்து வந்தவர்களே அதிகம். 'நம்ம பையன்' என்று சொல்ல ஆள் இல்லாத அணிக்காக யார் ஆக்லாந்தின் துறைமுகப் பாலத்தைத் தாண்டி, அணியின் மைதானம் இருந்த ஆல்பனி வரை வண்டி ஓட்டுவார்கள்? இரண்டே சீசனில் கதை முடிந்தது. அந்த இடத்துக்கு 2007-ல் வந்த வெலிங்டன் பீனிக்ஸ் பாடம் கற்றிருந்தது. அதன் பயிற்சியாளர் ரிக்கி ஹெர்பர்ட்டே தேசிய அணியான ஆல் வைட்ஸுக்கும் பயிற்சியாளர். 2009 நவம்பர் 14 அன்று வெலிங்டனில் பஹ்ரைனை 1-0 என வென்று ஆல் வைட்ஸ் உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்ற இரவில், ரோரி ஃபாலன் தலையால் முட்டிய பந்தைக் கார்னரிலிருந்து அனுப்பியவர் லியோ பெர்டோஸ், பெனால்டியைத் தடுத்தவர் மார்க் பாஸ்டன். இருவருமே பீனிக்ஸ் வீரர்கள். நான்கே மாதத்தில், 2010 மார்ச்சில், அதே ஸ்டேடியத்தில் பீனிக்ஸின் பிளே-ஆஃப் ஆட்டத்துக்கு 32,792 பேர் வந்தார்கள். தேசிய அணியின் சூட்டை கிளப்பின் டிக்கெட்டாக மாற்ற, பொதுவான முகங்கள் வேண்டும்.

பெரிய கூட்டம் ஒருமுறை வந்ததை நம்பி எல்லா ஆட்டத்துக்கும் முழு ஸ்டேடியத்தையும் திறப்பது அதற்குப் பிறகு வரும் தவறு. வெலிங்டன் ஸ்டேடியத்தில் சுமார் 34,500 இருக்கைகள். கிரிக்கெட்டுக்கும் சேர்த்துக் கட்டிய வட்ட வடிவம், கோடுகளிலிருந்து இருக்கைகள் தள்ளியே இருக்கும். அங்கே 7,000 பேரைப் பரப்பி உட்காரவைத்தால் சத்தம் செத்துப்போகும், டிவியில் காலி நாற்காலிகள்தான் தெரியும். முதலில் கேமராவுக்கு எதிர்ப்பக்கத்தை மட்டும் விற்றுவிட்டு, அது நிரம்பிய பிறகே அடுத்த பகுதியைத் திறக்க வேண்டும். பாடும் ரசிகர்களைப் பிரிக்கவே கூடாது. பீனிக்ஸ் முன்னிலையில் இருந்தால் யெல்லோ ஃபீவர் ரசிகர்கள் 80-வது நிமிடத்தில் சட்டையைக் கழற்றிச் சுழற்றுவார்கள். அதைப் பார்க்கவே பக்கத்துப் பகுதியில் டிக்கெட் எடுக்கும் பிள்ளைகள் உண்டு.

புல்தரையைக் கவனிக்காமல் விடுவது ஆட்டத்தின் தரத்தையே கெடுக்கும். பிப்ரவரிக்குப் பிறகு ஒரே தரையில் இரண்டு ஆட்டமும் நடக்கும். ரக்பியில் இரு அணியும் தோளோடு தோள் முட்டித் தள்ளும் ஸ்க்ரம்மில் எட்டுக்கு எட்டாகப் பதினாறு பேர் ஒரே இடத்தில் தள்ளினால் வேரோடு புல் பெயரும். ஆட்டம் முடிந்த அன்று இரவே பெயர்ந்த கட்டிகளைப் பதித்து மணல் நிரப்பாவிட்டால், மறுநாள் வேர் காய்ந்துவிடும். ரக்பிக்குப் புல் உயரமாக இருக்கலாம். கால்பந்துக்கு 25 முதல் 30 மில்லிமீட்டர் போதும். அதை ஒரே வெட்டில் இறக்கினால் தரை மஞ்சளாகும். ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக்கூடாது. கோடுகளிலும் கவனம் வேண்டும். ரக்பி மைதானத்தின் அகலம் 70 மீட்டர் வரை போகும், கால்பந்துக்கு 68. பழைய கோடு அழியாவிட்டால் ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள் இணையாக ஓடும். பந்து வெளியே போனதா என்று வீரரும் லைன்ஸ்மேனும் குழம்புவார்கள். கழுவினால் போகும் பெயின்ட்டை ரக்பிக்குப் பயன்படுத்தும்படி ஸ்டேடியம் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

ஒரே முதலாளியின் பையை நம்புவதும் ஆபத்து. பீனிக்ஸின் முதல் உரிமையாளர் பண நெருக்கடியில் சிக்கியபோது, 2011-ல் வெலிங்டன் தொழிலதிபர்கள் குழுவாகச் சேர்ந்துதான் கிளப்பை மீட்டார்கள். ஏ-லீக்கில் ஆடுவதற்கான லைசென்ஸும் பக்கத்து நாட்டின் கையில் இருக்கிறது: 2015-ல் 10 ஆண்டு நீட்டிப்பு மறுக்கப்பட்டது, பிறகுதான் 4 ஆண்டு கிடைத்தது.

கடைசியாக, பலரும் கோட்டைவிடும் பணம். ஒப்பந்தக் காலம் முடியும் முன் ஒரு வீரர் பணத்துக்கு வேறு நாட்டுக் கிளப்புக்கு மாறினால், தொகையில் 5 சதவீதம் அவரை வளர்த்த கிளப்புகளுக்குப் போக வேண்டும் என்பது ஃபிஃபா விதி. 12 முதல் 15 வயது வரை ஒவ்வோர் ஆண்டுக்கும் 0.25 சதவீதம், 16 முதல் 23 வரை 0.5 சதவீதம். 12 முதல் 17 வயது வரை ஒரே கிளப்பில் ஆடிய பையன் 20 லட்சம் டாலருக்குப் போனால், அந்தக் கிளப்பின் பங்கு 2 சதவீதம், அதாவது 40,000 டாலர். ஒரு சின்ன உள்ளூர்க் கிளப்புக்கு அது விளக்குக் கம்பமும் புதிய வலைகளும். 2022 முதல் இந்தக் கணக்கு வீரர் எந்தெந்தக் கிளப்பில் எப்போது இருந்தார் என்று காட்டும் மின்னணு வீரர் பாஸ்போர்ட்டை வைத்தே போடப்படுகிறது. பையன் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் பதிவில் சரியாக இல்லையென்றால், அந்த ஆண்டுகளின் பங்கு கிளப்புக்கு வந்து சேராது.