தோலுக்கு நாம் செய்யும் தவறுகள்: எந்த அடுக்கு என்று கேட்க மறப்பதால் வருபவை

உயர்நிலை மூன்றாம் வகுப்பு மாணவர்களிடம் தோலின் குறுக்குவெட்டுத் தோற்றத்தை வரையச் சொன்னால், பெரும்பாலோர் அளவுகோலை வைத்துச் சம அகலத்தில் மூன்று பட்டைகளை இழுத்து, மேலிருந்து கீழாக மேல்தோல், உட்தோல், தோலடிக் கொழுப்பு என்று பெயரிட்டு முடித்துவிடுகிறார்கள். துணைப்பாட ஆசிரியராக நான் ஆண்டுதோறும் திருத்தும் படம் இது. பெயர்கள் சரி, அளவுதான் தவறு. மேல்தோலின் தடிமன் கண்ணிமையில் ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டர், உள்ளங்காலில் ஏறத்தாழ 1.5 மில்லிமீட்டர், அதற்குக் கீழுள்ள உட்தோல் பெரும்பாலான இடங்களில் அதைவிடப் பல மடங்கு தடித்தது. இரண்டும் சந்திக்கும் எல்லையும் நேர்கோடன்று. உட்தோலின் முகடுகள் மேல்தோலின் பள்ளங்களுக்குள் விரல் கோத்ததுபோல் நுழைந்திருக்கும். நாம் கைநாட்டு வைக்கும் ரேகைகள் அந்த முகடுகளின் வரிசை வெளியே தெரிவதால் அமைந்தவையே. தேர்வுத்தாளில் இந்தப் பிழைக்கு ஒரு மதிப்பெண் குறையும், அவ்வளவே. தோல் என்பது ஒரே சீரான போர்வை என்ற அதே எண்ணத்தோடு பெரியவர்கள் சோப்பும் களிம்பும் வாங்கும்போதுதான் இழப்பு பெரிதாகிறது.

மேல்தோலில் இரத்தக் குழாய்களே இல்லை. காகிதம் கீறினால் எரிந்தும், சில வேளைகளில் ஒரு சொட்டு இரத்தம்கூட வராதிருப்பது அதனால்தான். அதன் அடிவரிசையில் பிறக்கும் உயிரணுக்கள் மெல்ல மேலே தள்ளப்பட்டு, வழியில் கெரட்டின் என்ற புரதத்தால் நிரம்பி, உட்கருவை இழந்து, தட்டையாகி இறந்து, ஏறக்குறைய நான்கு வாரங்களில் உதிர்கின்றன. உச்சியில் அடுக்கடுக்காக இருக்கும் இந்த இறந்த உயிரணுக்களைச் செங்கற்களாகவும், அவற்றுக்கு இடையிலுள்ள செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் ஆகியவற்றைச் சாந்தாகவும் கொண்டால், உடலின் நீர் வெளியேறாமலும் கிருமிகள் உள்ளே நுழையாமலும் காக்கும் மதில் எது என்பது விளங்கும். அந்த மதிலைத்தான் பலர் அழுக்கு என்று எண்ணி உரித்தெடுக்கிறார்கள். குளிக்கும்போது பீர்க்கங்காய் நாரால் அழுத்தித் தேய்த்து, உருண்டு உருண்டு வருவதைக் கண்டு மகிழ்வது நம் வீடுகளில் பழகிய காட்சி. உருண்டு வருவதில் பெரும்பகுதி கெரட்டின். வாரத்திற்கு ஒருமுறை மென்மையாகத் தேய்ப்பதால் பெரிய கேடு வருவதில்லை. ஆனால் சிங்கப்பூரில் வெயிலையும் புழுக்கத்தையும் காரணம் காட்டி நாளுக்கு இரண்டு மூன்று முறை சோப்புப் போட்டு, இரவில் வெந்நீரிலும் குளித்து, பிறகு குளிரூட்டி ஓடும் வறண்ட அறையில் உறங்குபவரின் தோலில் செங்கல் மட்டும் மிஞ்சுகிறது, சாந்து கரைந்துபோகிறது. தோலின் மேற்பரப்பு சற்றே புளிப்பானது. அதன் பிஎச் அளவு 5 அளவில் இருக்க, வழக்கமான சோப்புக்கட்டியின் அளவு 9, 10 என இருக்கிறது. கரப்பான் (எக்ஸிமா) என்ற தோல் அழற்சி உள்ள பிள்ளைகளுக்கு இந்த வேறுபாடே அரிப்பைத் தூண்டப் போதும். சோப்பை அக்குள், இடுக்கு, பாதம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டு, துவட்டிய சில நிமிடங்களுக்குள், ஈரம் முழுவதும் காயும் முன்பே ஈரப்பதக் களிம்பைப் பூசுவது நல்லது. காய்ந்துபோன தோலில் அதைப் பூசினால், உள்ளே தங்க வேண்டிய நீர் முன்பே போயிருக்கும்.

நீச்சல் குளத்திலிருந்து ஏறும் பிள்ளையின் விரல் நுனிகள் சுருங்கியிருப்பதைப் பார்த்து, தண்ணீரை உறிஞ்சித் தோல் ஊறிவிட்டது என்கிறோம். விரலுக்குச் செல்லும் நரம்பு அறுபட்டவர்களுக்கு அந்தச் சுருக்கம் தோன்றுவதில்லை என்பதை மருத்துவர்கள் 1930களிலேயே கவனித்தார்கள். நரம்பின் கட்டளைப்படி உட்தோலின் இரத்தக் குழாய்கள் ஒடுங்குவதால் வரும் சுருக்கம் அது.

தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை பெருமாள் கோவிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோவில் வரை வெறுங்காலோடு நடந்து வந்தவர்களின் பாதங்களில் கொப்புளங்களைக் காணலாம். உராய்வு தொடரும்போது மேல்தோலுக்குள்ளேயே உயிரணுக்களின் பிடிப்பு விட்டு, அந்த இடைவெளியில் நீர் கோத்துக்கொள்கிறது. வீட்டுக்கு வந்ததும் கத்தரிக்கோலால் கொப்புளத்தின் மேல்தோலை வெட்டி எறிவது தவறு. கீழே புதுத் தோல் உருவாகும்வரை அதைவிடச் சிறந்த கட்டு எந்த மருந்தகத்திலும் கிடைக்காது.

வியர்வையைப் பற்றிய தவறு இன்னும் நுட்பமானது. ஒருவரின் தோலில் 20 லட்சம் முதல் 40 லட்சம் வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. அவை சுரப்பது பெரும்பாலும் நீரும் உப்பும். உடலின் நச்சுகளை வியர்வை வெளியேற்றுகிறது என்று விளம்பரங்கள் கூறினாலும், அந்த வேலையைச் செய்பவை கல்லீரலும் சிறுநீரகமும்தான். வியர்ப்பதாலேயே உடல் குளிர்ந்துவிடுவதில்லை, வியர்வை ஆவியானால்தான் குளிரும். நம் ஊரின் ஈரக் காற்றில் அது ஆவியாகாமல் வழிந்தோடுகிறது. ஆகவே, சட்டை நனைந்திருப்பதைக் கண்டு உடல் தன்னைத்தானே பார்த்துக்கொள்கிறது என்று நண்பகலில் ஓட்டப்பயிற்சியைத் தொடர்வது ஆபத்தில் முடியலாம். சுரப்பியின் குழாய் அடைபட்டு வியர்வை தோலுக்குள்ளேயே கசியும்போது வேர்க்குரு தோன்றுகிறது. அதன்மேல் மென்தால் கலந்த பவுடரைக் கொட்டினால் குளிர்ச்சி தெரியும். ஆனால் அடைப்பு நீங்காது. காற்றாடும் பருத்தி உடையும் விசிறிக் காற்றும்தான் உதவும்.

நிறத்தைப் பற்றிப் பேசும்போது சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது, ஏனெனில் நம் குடும்பங்களில் அதிகப் பணமும் மனவேதனையும் அதற்கே செலவாகின்றன. மெலனினை உண்டாக்கும் உயிரணுக்கள் மேல்தோலின் அடிவரிசையில் இருக்கின்றன. அவற்றின் எண்ணிக்கை கறுத்தவருக்கும் வெளுத்தவருக்கும் ஏறத்தாழ ஒன்றே. உருவாகும் மெலனின் துணுக்குகளின் அளவும் வகையும் பரவலும் வேறுபடுவதால்தான் நிறம் வேறுபடுகிறது. அந்தத் துணுக்குகள் சுற்றியுள்ள உயிரணுக்களுக்குள் சென்று, உட்கருவின்மேல் குடைபோல் கவிந்து, புற ஊதாக் கதிரிலிருந்து மரபணுவைக் காக்கின்றன. வெளுப்பாக்கும் களிம்பு என்று இணையத்தில் விற்கப்படும் சிலவற்றில் பாதரசமும் வீரியமான ஸ்டீராய்டும் இருப்பதைச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டறிந்து எச்சரித்திருக்கிறது. பாதரசம் மெலனின் உருவாவதைத் தடுக்கத்தான் செய்கிறது. அதோடு தோல் வழியாக உள்ளே சென்று சிறுநீரகத்தையும் கெடுக்கிறது. ஒரே வாரத்தில் பலன் என்று ஒரு களிம்பு வாக்களித்தால், அடிவரிசையில் பிறந்தது மேலே வர நான்கு வாரம் ஆகும் கணக்கை நினைத்துப் பார்த்தாலே சந்தேகம் எழ வேண்டும்.

எதிர்த்திசைத் தவறும் உண்டு. நமக்குத்தான் கறுப்புத் தோலாயிற்றே, வெயில் என்ன செய்யும் என்பார்கள். மெலனின் தருவது ஓரளவு பாதுகாப்பே. அதோடு, கறுத்தவர்களுக்கு வரும் மெலனோமா என்ற புற்றுநோய், வெயிலோடு அவ்வளவாகத் தொடர்பில்லாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில் தோன்றுவதால் கவனிக்கப்படாமலே போகிறது. 1981இல் மறைந்த ஜமைக்கப் பாடகர் பாப் மார்லிக்கு அது கால்விரல் நகத்தடியில்தான் தொடங்கியது. நகத்தில் புதிதாகத் தோன்றி அகலமாகும் கருங்கோட்டை அடிபட்ட தழும்பு என்று மாதக்கணக்கில் விட்டுவைக்கக் கூடாது. வெயிலைக் கணிப்பதிலும் நாம் பிழை செய்கிறோம். சிங்கப்பூரின் கடிகாரம் அதன் தீர்க்கரேகைக்கு முன்னால் ஓடுவதால் சூரியன் உச்சிக்கு வருவது பகல் 12 மணிக்கன்று, 1 மணியை ஒட்டியே. மெல்லிய மேகம் புற ஊதாக் கதிரின் பெரும்பகுதியை ஊடுருவ விட்டுவிடும் என்பதால், மூட்டமான பிற்பகலில் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் சைக்கிள் ஓட்டுபவருக்கும் சன்ஸ்கிரீன் தேவை. அது தரும் பாதுகாப்பின் அளவைக் காட்டும் எஸ்பிஎஃப் எண், ஒரு சதுர செண்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற தடிப்பில் பூசிச் சோதித்து இடப்பட்டது. நம்மில் பெரும்பாலோர் பூசுவது அதில் பாதிகூட இருப்பதில்லை.

தீப்புண்ணுக்கு வருவோம். என் சிறுவயதில் கொதிக்கும் எண்ணெய் கையில் தெறித்தபோது, அம்மா இட்லி மாவை வழித்து அப்பினார்; எதிர்வீட்டுச் சீனப் பாட்டி சோயா சாஸ் புட்டியோடு ஓடி வந்தார்; மாமா பற்பசை என்றார். மருந்தகத்தில் தாதி அந்த மாவைக் கழுவி எடுக்கப் பட்ட பாடு எண்ணெய் பட்ட வலியைவிடப் பெரிது. குழாயைத் திறந்து, ஓடும் சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் கையைப் பிடித்திருந்தால் போதுமாயிருந்திருக்கும். அடுப்பை அணைத்த பிறகும் வாணலி சுடுவதுபோல், மேலே பட்ட சூடு உட்தோலை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும். அதைத் தடுப்பதே முதல் வேலை. பனிக்கட்டி வைத்தால் இரத்தக் குழாய்கள் ஒடுங்கிச் சேதம் கூடும். வலியை வைத்துப் புண்ணை அளப்பதும் தவறு: மேலோட்டமான புண் துடிக்க வைக்கும், முழுத் தோலும் வெந்த புண்ணோ நரம்பு முனைகளும் அழிந்ததால் வலிக்காமல் வெளுத்துக் கிடக்கும். அப்படிப்பட்டவரை வலி இல்லை என்று வீட்டில் வைத்திருக்காமல் அவசர மருத்துவ வண்டிக்கான 995ஐ அழைக்க வேண்டும்.

கடைசியாகப் படர்தாமரை. அந்தப் பூஞ்சை வாழ்வது உயிருள்ள தோலில் அன்று. அதன் உணவே மேலுள்ள இறந்த கெரட்டின். ஊருக்குப் போய் வரும் உறவினரிடம் சொல்லி வரவழைக்கும் கலவைக் களிம்புகள் பலவற்றில் பூஞ்சை மருந்தோடு வீரியமான ஸ்டீராய்டும் சேர்ந்திருக்கும். ஸ்டீராய்டு உயிருள்ள அடுக்கின் அழற்சியை அடக்குவதால் இரண்டே நாளில் சிவப்பும் அரிப்பும் மறையும். காவலர் உறங்கிய வீட்டில் திருடன் உலவுவதுபோல் பூஞ்சை தடையின்றிப் பரவி, நிறுத்தியதும் இருமடங்கு வட்டத்தில் திரும்பி வரும். அதற்காக ஸ்டீராய்டு என்றாலே அஞ்சி, கரப்பானுக்கு மருத்துவர் தந்ததைப் பொட்டளவு தொட்டுவைப்பதும் பயன் தராது. பெரியவரின் சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் கணு வரை பிதுக்கிய களிம்பு, விரல்களையும் சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குப் போதும் என்பதே மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. படர்தாமரைக்கு ஸ்டீராய்டு கலவாத பூஞ்சைக் களிம்பை வட்டத்தின் விளிம்பைத் தாண்டி இரண்டு செண்டிமீட்டர் வரை பூசி, வட்டம் மறைந்த பிறகும் ஓரிரு வாரங்கள் தொடர வேண்டும், ஏனெனில் பூஞ்சை குடியேறிய பழைய கெரட்டின் உதிர்ந்து முடிய அத்தனை நாள் பிடிக்கும்.